டீக்கடையில் நின்றுகொண்டே சிகரெட்டை விடுவது

புகையை விடச் சொல்லும் துண்டுப் பிரசுரங்களில் பெரும்பாலும் ஒரு நடுத்தர வயதுக்காரர் இருப்பார். நாளுக்கு ஒரு பாக்கெட், முப்பது வருசப் பழக்கம், நெஞ்சுவலி வந்தபின் டாக்டர் மிரட்டி அனுப்பிய ஆள். பாளையங்கோட்டையில் ரூம் எடுத்துப் படிக்கிற இருபது வயதுப் பையனுக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இவன் முழுப் பாக்கெட் வாங்குவதே கிடையாது. சில்லறையாக ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதிலும் கடைசிப் பாதி சேக்காளிக்கு. நாளுக்கு நாலோ ஆறோ. "இதெல்லாம் ஒரு பழக்கமாலே, நினைச்சா நாளைக்கே விட்ருவேன்" என்பான். நினைக்கவும் செய்வான், விடவும் செய்வான். பத்து நாள் கழித்துப் பார்த்தால் அதே பெட்டிக்கடை முன்னால் நிற்பான்.

இந்தப் பழக்கத்தில் பாதி நிக்கோட்டின், பாதி டீக்கடை. நாளுக்கு ஒரு பாக்கெட் குடிப்பவருக்கு முதல் பாதி பெரிது. மாணவனுக்கு இரண்டாம் பாதிதான் பெரிது என்பது என் கட்சி. ஆனால் மாணவர்களுக்குக் கிடைக்கிற அறிவுரை எல்லாம் நுரையீரல் படத்தைக் காட்டுவதோடு முடிந்துவிடுகிறது; சாயங்காலம் நாலே காலுக்கு நாலு பேர் "வாலே" என்று கூப்பிடும்போது கையை எங்கே வைப்பது என்று யாரும் சொல்வதில்லை.

உடம்பின் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். இழுத்த புகையிலுள்ள நிக்கோட்டின் பத்து இருபது நொடிக்குள் மூளைக்குப் போய்ச் சேர்கிறது. ரத்தத்தில் அதன் அளவு சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். இரண்டு பீரியடு முடிந்ததும் சட்டைப்பையைக் கை தேடுவது இதனால்தான். கடைசி சிகரெட்டை அணைத்த அன்றைக்கே எரிச்சல் ஆரம்பித்துவிடும். இரண்டாம், மூன்றாம் நாள் உச்சம். அப்புறம் இறங்குமுகம், இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். இந்த நாள்களில் சிடுசிடுப்பு இருக்கும், ஒரே வரியை நாலு தடவை வாசிக்க வேண்டியிருக்கும், ராத்திரி தூக்கம் கலையும், தலை லேசாகக் கிறுகிறுக்கும். கனவில் சிகரெட் குடித்துவிட்டுப் பதறி எழுவதும் சகஜம். எதுவும் நோயில்லை. ரத்தத்தில் ஏறியிருந்த கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாளிலேயே சாதாரண அளவுக்கு இறங்கிவிடுகிறது. மூன்றாம் நாள் மாடிப்படி ஏறும்போது இதைத் தெரிந்துகொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள், சிலருக்கு ஒன்றும் தெரியாது.

நிக்கோட்டினுக்கு நீங்கள் எவ்வளவு அடிமை என்று கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும். காலையில் கண் விழித்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்? ஃபாகர்ஸ்ட்ரோம் கேள்வித்தாள் என்று மருத்துவர்கள் வைத்திருக்கிற பட்டியலிலும் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம்: 5 நிமிடத்துக்குள் என்றால் 3 புள்ளி, அரை மணிக்குள் என்றால் 2, ஒரு மணிக்குள் என்றால் 1, அதற்கு மேல் என்றால் பூஜ்யம். பல் தேய்க்கும் முன்பே கை நீள்கிறவனுக்கு மருந்துக்கடை உதவி தேவைப்படும். ஒன்பதரைக்குக் காலேஜ் வாசலில் இறங்கிய பிறகுதான் நினைப்பே வருகிறது என்றால், உங்கள் எதிரி ரத்தத்தில் இல்லை, காலேஜ் வாசலில் இருக்கிறது.

கம் மெல்லுவது எப்படி

முதல் வகைக்காரருக்கு நிக்கோட்டின் கம் நல்ல துணை. 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என இரண்டு அளவில் வருகிறது. நாளுக்கு ஐந்தாறு குடிக்கிற மாணவனுக்கு 2 மி.கி. தாராளம், அது மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கும். கிராமத்து மெடிக்கல்களில் கேட்டால் முழிப்பார்கள். திருநெல்வேலி ஜங்ஷனிலோ, ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரி பக்கமோ கேட்டுப் பாருங்கள். எழுந்தவுடன் பற்றவைக்கிற ஆளுக்கு 4 மி.கி. அல்லது தோலில் ஒட்டும் பட்டை வேண்டியிருக்கலாம். அதையும், வரெனிக்ளின், புப்ரோபியான் போன்ற மாத்திரைகளையும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. வலிப்பு வந்தவர்களுக்குப் புப்ரோபியான் ஆகாது.

கம் வாங்குகிறவர்களில் பலர் இரண்டே நாளில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, "சவம், நெஞ்சைக் கரிக்குது, விக்கல் வருது" என்பார்கள். சூயிங்கம் மாதிரி கடகடவென்று மென்றால் அப்படித்தான் ஆகும். நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய்விடும். வயிற்றில் அது வேலை செய்யாது, குமட்டலையும் விக்கலையும்தான் தரும். அது வாயின் உள்தோல் வழியாக ஏற வேண்டிய சரக்கு. மெதுவாகப் பத்துப் பதினைந்து கடி கடியுங்கள். மிளகு கடித்தது போல் சுரீரென்று வரும். உடனே நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவிடுங்கள். ஒரு நிமிடத்தில் சுரீர் அடங்கும். மறுபடி நாலு கடி, இந்த முறை மற்றப் பக்கம் ஒதுக்கல். இப்படி அரை மணி நேரம். மெல்லுவதைவிடச் சும்மா வைத்திருப்பதுதான் அதிகம் இருக்க வேண்டும்.

அடுத்து, மெல்லுவதற்கு 15 நிமிடம் முன்னாலிருந்து மென்று முடிக்கும்வரை டீ, காபி, கலர், எலுமிச்சை சர்பத், நெல்லிக்காய் எதுவும் கூடாது. வாய் புளிப்பேறியிருந்தால் நிக்கோட்டின் உள்தோலில் ஏறாது. டீ குடித்துக்கொண்டே கம் மென்றுவிட்டு "ஒண்ணும் வேலை செய்யல" என்பவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். வழக்கமான அட்டவணை 12 வாரம்: முதல் 6 வாரம் ஒன்றிரண்டு மணிக்கு ஒன்று, அடுத்த 3 வாரம் இரண்டிலிருந்து நாலு மணிக்கு ஒன்று, கடைசி 3 வாரம் நாலிலிருந்து எட்டு மணிக்கு ஒன்று. நாளுக்கு 24-ஐத் தாண்டக்கூடாது. குறைவாகக் குடித்த மாணவனுக்கு இவ்வளவு தேவைப்படாது. தலைக்கேறுகிற நேரத்துக்கு மட்டும் ஒன்று என்று வைத்துக்கொண்டாலே ஓடிவிடும்.

எந்தத் தேதி

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதா, ஒரேயடியாக நிறுத்துவதா என்பது டீக்கடைப் பட்டிமன்றங்களில் பழைய தலைப்பு. 2016-இல் இங்கிலாந்தில் சுமார் 700 பேரை இரண்டாகப் பிரித்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பாதியினர் இரண்டு வாரம் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தினார்கள், மறுபாதியினர் குறித்த நாளில் பட்டென்று நிறுத்தினார்கள். இரு தரப்புக்கும் நிக்கோட்டின் மாற்று மருந்து கொடுத்திருந்தார்கள். நாலு வாரம் கழித்துப் பார்த்தபோது, பட்டென்று நிறுத்தியவர்களில் 49 சதவீதம் பேரும், குறைத்து நிறுத்தியவர்களில் 39 சதவீதம் பேரும் புகையில்லாமல் இருந்தார்கள். மாணவர்கள் விஷயத்தில் இதற்கு இன்னொரு காரணமும் சேரும். "குறைச்சிருக்கேன்" என்று சொன்னால், மிச்சமிருக்கிற ஒன்றை நீட்ட நாலு பேர் வருவார்கள். "விட்டுட்டேன்" என்றால் இரண்டு நாள் கேலி செய்துவிட்டு ஓய்ந்துவிடுவார்கள்.

தேதி குறிப்பதில் பெரும்பாலோர் செய்யும் தப்பு லீவைத் தேர்ந்தெடுப்பது. செமஸ்டர் லீவுக்கு அம்பாசமுத்திரத்துக்கோ சங்கரன்கோவிலுக்கோ வீட்டுக்குப் போனால் அப்பா இருக்கிறார், அண்ணன் இருக்கிறான், தெருவில் எல்லோரும் தெரிந்தவர்கள். தன்னால் நின்றுவிடும். பத்து நாள் ஒன்றுமே தோன்றாது. "அட, இவ்வளவுதானா" என்று நினைத்துக்கொண்டு ரூமுக்குத் திரும்பினால், வேய்ந்தான்குளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிய ஐந்தாவது நிமிடம் வாய் ஊறும். உடம்பு மறந்ததை இடம் ஞாபகப்படுத்துகிறது. வீட்டில் விட்டது விட்டதாகாது. புகைத்த இடங்களில் நின்று புகைக்காமல் இருந்தால்தான் மூளை அந்த முடிச்சை அவிழ்க்கும். ஆகவே காலேஜ் திறந்து, இண்டர்னல் டெஸ்ட்டுக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்படி ஒரு நாள் பாருங்கள். வியாழக்கிழமை ராத்திரியோடு விட்டால் உச்சமான நாள்கள் சனி ஞாயிறில் விழும். ராத்திரி நாலு பேர் சேருகிற சனிக்கிழமைதான் உங்கள் ஆபத்து என்றால் திங்கட்கிழமை தொடங்குங்கள்.

அதற்கு முந்தின மூன்று நாள் எதையும் மாற்ற வேண்டாம். ஒவ்வொரு தடவை பற்றவைக்கும்போதும் போனில் மூன்று சொல் குறியுங்கள்: மணி, இடம், கூட இருந்த ஆள். மூன்று நாளில் உங்கள் வரைபடம் கிடைத்துவிடும். பலருக்கு அதில் மூன்று இடமும் இரண்டு ஆளும் மட்டுமே இருப்பார்கள். விட வேண்டியது அந்த ஐந்து முடிச்சைத்தான்.

பெட்டிக்கடையில் பற்று இருந்தால் விடுகிற நாளுக்கு முன்னால் முழுதாக அடைத்துவிடுங்கள். இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் முக்கியம். நூற்றிருபது ரூபாய் பாக்கி கிடந்தால் அதைக் கொடுக்கப் போக வேண்டும். போனால் அண்ணாச்சி கேட்காமலே ஒன்றை எடுத்து நீட்டுவார், உங்கள் பிராண்டு அவருக்கு மனப்பாடம். கணக்கு முடிக்கும்போது, "அண்ணாச்சி, இனிமே எனக்குச் சிகரெட் தராதீங்க, கேட்டாலும் தராதீங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள். சிரிப்பார். ஆனால் கடன் நோட்டில் பெயர் அடிபட்டுவிட்டால், ரொக்கம் கொடுத்து வாங்க வேண்டிய தயக்கமாவது இருக்கும். ஒன்று 18 ரூபாய் என்று வைத்தாலும் நாளுக்கு ஐந்துக்கு 90, மாதம் 2700. ரூம் வாடகையில் உங்கள் பங்கு எவ்வளவு என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

லைட்டரை ரூம்மேட்டிடம் கொடுக்காதீர்கள், அது திரும்பி வரும். தூர எறியுங்கள். பையின் பக்கவாட்டு ஜிப்பில் உதிர்ந்து கிடக்கிற தூளைக் கொட்டிக் கவிழ்த்துவிட்டு, போர்வையையும் இரண்டு சட்டையையும் துவைத்துப் போடுங்கள். ரூம்மேட் குடிப்பவன் என்றால் அவனைத் திருத்தப் போக வேண்டாம். மொட்டை மாடியில் போய்க் குடிக்கவும், உங்களிடம் தீப்பெட்டி கேட்காமல் இருக்கவும் மட்டும் ஒப்பந்தம் போடுங்கள். அதற்கு மேல் கேட்டால் சண்டையில் முடியும், சண்டை சிகரெட்டில் முடியும்.

நாலே கால் மணி

இனி டீக்கடை. சில மாதத்துக்கு அந்தப் பக்கமே போகாதீர்கள் என்று ஆலோசனை சொல்பவர்கள் ஹாஸ்டலில் இருந்ததில்லை என்று நினைக்கிறேன். வண்ணார்பேட்டையிலோ பேட்டையிலோ படிக்கிறவனுக்கு டீக்கடை என்பது நோட்ஸ் கிடைக்கும் இடம், பஸ் பாஸ் சேதி தெரியும் இடம், அன்றைய பகிடி நடக்கும் இடம். அதிலிருந்து ஒருவனைப் பிரித்தால் ஒரு வாரம் தாங்குவான். முதல் மூன்று நாள் மட்டும் ஒதுங்குங்கள். "வயிறு சரியில்லை" என்று சொன்னால் போதும். நாலாம் நாள் போகலாம், ஆனால் நிற்கும் இடத்தை மாற்றிக்கொண்டு.

கடையை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். சிகரெட் பெட்டிகள் அடுக்கியிருக்கும் பக்கம் ஒன்று. அந்தத் தூணில் கயிற்றில் ஒரு லைட்டர் தொங்கும். பழைய கடையென்றால் நுனி கனன்றுகொண்டிருக்கும் தேங்காய்நார்க் கயிறு. புகைக்கிறவர்கள் அதைச் சுற்றித்தான் நிற்பார்கள். மறுபக்கம் பாய்லர், கண்ணாடிப் பெட்டிக்குள் வடை, உள்ளே ஒரு பெஞ்சு. நீங்கள் பெஞ்சுப் பக்கம் போய்விடுங்கள். டீ சொல்லும்போதே வடையும் சொல்லுங்கள். வலது கையில் சூடான கிளாஸ், இடது கையில் பேப்பரில் சுற்றிய எண்ணெய் வடை. நீட்டினாலும் வாங்க மூன்றாவது கை கிடையாது. வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் சிகரெட்டை வாங்கும் கை பெரும்பாலும் யோசித்து வாங்குவதில்லை, காலியாக இருப்பதால் வாங்குகிறது. டீயை முதலில் குடித்து முடித்துவிட்டு நின்றால் அந்த இரண்டு நிமிடத்தில்தான் விழுவீர்கள். ஆகவே கடைசியாக வடையின் ஓரம் மிச்சமிருக்கட்டும்.

அந்த நேரத்தில் வரும் தவிப்பு ஒவ்வொன்றும் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம்தான் உச்சத்தில் நிற்கும். குடித்தாலும் குடிக்காவிட்டாலும் போய்விடும். அந்த ஐந்து நிமிடத்துக்கு வேகநடை நல்ல மருந்து. சாயங்காலம் வ.உ.சி. மைதானத்தில் நாலு சுற்று நடந்தால் இரண்டு தவிப்பைத் தாண்டிவிடலாம். வாய்க்குப் பனங்கிழங்கைவிடச் சிறந்த வேலை எங்கள் பக்கத்தில் இல்லை. தோலுரித்து, பிளந்து, நடுத்தண்டை எடுத்து, நாரை இழுத்து இழுத்துத் தின்ன ஒரு கிழங்குக்குப் பத்து நிமிடமாவது ஆகும். அந்தப் பத்து நிமிடமும் இரண்டு கைக்கும் பல்லுக்கும் வேலை. தை மாதம் விடுகிறவன் கொடுத்துவைத்தவன். மற்ற மாதங்களில் அவித்த கடலையை உரித்துத் தின்னலாம், கிராம்பு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளலாம்.

டீ விஷயத்தில் உடம்பு ஒரு சூழ்ச்சி செய்யும், அதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. சிகரெட் புகையிலுள்ள தார்ப் பொருள்கள் கல்லீரலில் ஒரு நொதியைத் தூண்டிவிட்டு, காஃபீனை வேகவேகமாக வெளியேற்ற வைக்கின்றன. புகை நின்றதும் நொதி பழைய நிலைக்கு இறங்கிவிடும். குடிப்பது அதே ஐந்து டீதான், ஆனால் ரத்தத்தில் காஃபீன் ஏறத்தாழ இரண்டு பங்காக நிற்கும். படபடப்பு, கை நடுக்கம், ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு. எல்லாமே சிகரெட்டை விட்டதால் வந்தது போலவே தெரியும். "விட்டதிலிருந்து எனக்குச் சரியில்லை, ஒண்ணு அடிச்சாத்தான் சரியாகும்" என்று முடிவு கட்டுகிறவர்களில் பலருக்கு உண்மையில் டீ கூடிப்போயிருக்கிறது. விட்ட நாளிலிருந்தே டீயைப் பாதியாக்குங்கள். நாலே கால் டீயை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டுங்கள். சுக்குக் காபி என்ற பெயரில் கருப்பட்டியும் சுக்கும் மட்டும் போட்டுத் தருகிற கடை பக்கத்தில் இருந்தால் அதில் காஃபீனே இல்லை. இதே நொதிதான் ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் தியோஃபிலின் மாத்திரையையும் கையாளுகிறது. அதைச் சாப்பிடுகிறவர்கள் புகையை விடும்போது டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

வெளியே சொல்லக் கூச்சப்படுகிறவை

காலைக் கடனுக்கு ஒரு சிகரெட் என்பது ஹாஸ்டல்களில் பாதிப் பேர் பழக்கம். நிக்கோட்டின் குடலைத் தூண்டுவது உண்மை; ஆகவே விட்ட முதல் இரண்டு வாரம் மலச்சிக்கல் வருவதும் உண்மை. வயிறு இறுகியதற்காக மட்டுமே திரும்பப் போனவர்கள் உண்டு, அதை வெளியே சொல்லமாட்டார்கள். எழுந்ததும் இரண்டு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் இரண்டு நாட்டுப்பழம், மெஸ்ஸில் கீரை வைக்கிற நாளில் இரண்டாம் கரண்டி. காலை பலகாரம் முடிந்த அரை மணிக்குள் குடல் தானாக அசையும் நேரம் வரும். அந்த நேரத்தில் பஸ்ஸுக்கு ஓடாமல் இருந்தால் பத்து நாளில் சரியாகிவிடும்.

முதல் இரண்டு வாரத்தில் வாய்ப்புண் வருவதும் பலருக்கு உண்டு. உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு மணத்தக்காளிக் கீரை கேட்டு வாங்கித் தின்னுங்கள், ஆறிவிடும். இருமல் கூடுவது இன்னொரு குழப்பம். மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளுகிற நுண்மயிர்கள் புகையில் முடங்கிக் கிடந்தவை. புகை நின்றதும் மறுபடி வேலையைத் தொடங்கி, பழைய சளியை மேலே தள்ளும். ஆனால் எல்லா இருமலையும் இதன் தலையில் கட்டக்கூடாது. இருமல் இரண்டு வாரம் தாண்டினால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம், காசநோய் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். சளியில் ரத்தம் தெரிந்தால் அன்றைக்கே போங்கள்.

எடை கூடும். ஒரு வருடத்தில் சராசரியாக நாலைந்து கிலோ. நிக்கோட்டின் பசியை அமுக்கி வைத்திருந்தது, இப்போது நாக்கும் மூக்கும் திறந்துகொள்கின்றன. டவுனில் சாயங்காலம் வாழையிலைத் துண்டில் சுடச்சுட அல்வா வாங்கிப் பழகிய ஊரில் இது சின்னச் சோதனை இல்லை. முதல் மாதம் எடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்பேன். இரண்டு சண்டையை ஒரே நேரத்தில் போட்டால் இரண்டும் தோற்கும்.

படிப்புக்கு வருவோம். தம் அடித்தால்தான் மண்டை தெளிகிறது என்று நம்புகிறவன், அந்தத் தெளிவு போன சிகரெட் இறங்கியதால் வந்த மந்தத்தைச் சரிசெய்வது மட்டுமே என்பதைக் கவனிப்பதில்லை. குடிக்காதவனுக்கு அந்த மந்தமே வருவதில்லை. ஆனாலும் முதல் இரண்டு வாரம் கவனம் சிதறும். அப்போது வாசிப்பதைவிட எழுதிப் படிப்பது மேல். கணக்குப் பாடம் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, பாட்டிலில் தண்ணீர் பிடித்து வாருங்கள். இடைவேளைக்கு மொட்டை மாடிக்கு மட்டும் போகாதீர்கள், அங்கே போனால் கால் பழைய மூலைக்கு நடக்கும்.

தட்டு இருக்கிற வீடு

திருநெல்வேலிப் பக்கத்தில் இதைப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம், கடையம், பாவூர்சத்திரம் என்று எந்தத் தெருவில் நுழைந்தாலும் பெண்கள் மடியில் தட்டை வைத்து பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். இலையை நனைத்து, தகட்டை வைத்து அளவாக வெட்டி, தூளைப் பரப்பி உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றிக் கட்டுவது வரை எல்லாம் நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிடும். நாளுக்கு ஆயிரம் என்பது பலருக்கு இலக்கு. எத்தனையோ பையன்களின் செமஸ்டர் ஃபீஸ் பீடிக்கடைப் பட்டுவாடாவில் இருந்து வருகிறது. புகையை விட்டவன் வீட்டுக்குப் போனால் தூளின் வாசனை வாசலிலேயே எதிர்கொள்ளும். அம்மாவிடம் தட்டை எடுத்து வை என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. உதவிக்கு உட்கார்ந்தால் இலை வெட்டும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். இலையில் நிக்கோட்டின் இல்லை. தூள் போடுவதும் உருட்டுவதும் வேண்டாம். ஈரக் கையில் தூள் படும்போது தோல் வழியாகவும் நிக்கோட்டின் உள்ளே போகிறது, சுற்றுகிறவர்களுக்குத் தலைவலி வருவதற்கும் இது ஒரு காரணம். கட்டுக் கட்டும் வேலையும் பரவாயில்லை, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

பீடிக்கு மாறுகிறவர்கள் இன்னொரு ரகம். "இயற்கை இலைதானே, தூளும் கொஞ்சம்தானே" என்பார்கள். ஒரு பீடியில் தூள் சுமார் கால் கிராம்தான், சிகரெட்டில் இருப்பதைவிட மிகக் குறைவு. ஆனால் அந்த இலை காகிதம் போல் காற்றை விடாது, இழுப்பதை நிறுத்தினால் அணைந்துவிடும். அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. கணக்குப் பார்த்தால் நிக்கோட்டினும் கார்பன் மோனாக்சைடும் குறைவதில்லை, கூடவே செய்யும்.

உதட்டுக்கடியில் வைக்கிற புகையிலைப் பொட்டலம் இன்னொரு மோசமான மாற்று. வாசனை வராது, வகுப்பிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பதால் பையன்கள் அதற்குப் போகிறார்கள். நிக்கோட்டின் நிற்காமல் ஏறிக்கொண்டே இருப்பதால் அதை விடுவதும் கடினமாகிவிடும், புண் வாய்க்குள்ளே வரும். குட்காவும் புகையிலை கலந்த பான்மசாலாவும் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை. மின்சிகரெட் 2019 முதல் நாடு முழுக்கத் தடை. வெறும் பாக்குத்தானே என்று மெல்லுவதும் வேண்டாம். புகையிலையே இல்லாத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வகைப்படுத்தியிருக்கிறது.

சறுக்கினால்

ஆனி, ஆடியில் சாரல் விழ ஆரம்பித்ததும் குற்றாலத்துக்கு வேன் பிடிப்பார்கள். நனைந்த உடம்பு, குளிர் காற்று, கூட பாட்டிலும் இருக்கும். மாதக்கணக்கில் தாக்குப்பிடித்தவன்கூட இங்கே "ஒரு இழுப்புலே" என்று கை நீட்டுவான். விட்ட முதல் சீசனுக்கு வீட்டாரோடு போங்கள், அல்லது விடிகாலைக் குளியலுக்குப் போய்விட்டு வெயில் ஏறுமுன் திரும்பிவிடுகிற கூட்டத்தோடு போங்கள். தீர்த்தம் போடுகிற கூட்டத்தோடு போய்விட்டுப் புகையை மட்டும் தவிர்ப்பது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை.

சறுக்கிவிட்டால் அதை ஒன்றோடு நிறுத்துவதுதான் முழுத் திறமையும். கையில் மிச்சமிருப்பதை நீரில் நனைத்துப் போடுங்கள், "இன்னைக்குப் போச்சு, நாளையிலிருந்து" என்று அன்றைய நாளைத் தாரை வார்க்காதீர்கள். எங்கே, யாரோடு, எத்தனை மணிக்கு என்று பழைய மூன்று சொல்லை மறுபடி குறியுங்கள். நாள் எண்ணுகிற ஆப்கள் எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான். நாற்பதில் நின்ற எண் ஒரே சிகரெட்டில் பூஜ்யமாகிவிட்டால், பையன் இனி என்ன என்று முழுப் பாக்கெட்டாக வாங்கிவிடுகிறான். நாற்பது நாளில் நுரையீரலுக்குக் கிடைத்தது எதுவும் பூஜ்யமாகவில்லை.

உதவியில்லாமல் தனியாக விட முயல்கிற முயற்சிகளில் சுமார் 4 சதவீதம்தான் தேறுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆலோசனையும் மருந்தும் சேர்ந்தால் அது இரண்டு மடங்குக்கு மேல் போகும். ஆலோசனைக்கு மத்திய அரசின் இலவச எண் 1800-11-2356. தமிழிலேயே பேசலாம். 2018 முதல் இந்த எண் ஒவ்வொரு சிகரெட் பாக்கெட்டிலும் அச்சாகி வருகிறது. சில்லறையாக வாங்குகிற மாணவன் பாக்கெட்டையே தொடுவதில்லை, எண் அண்ணாச்சி கடை அடுக்கில் கிடக்கிறது. பேசக் கூச்சமாக இருந்தால் 011-22901701-க்கு மிஸ்டு கால் கொடுத்துப் பதிவு செய்தால் குறுஞ்செய்தியாக வரும். இலவச எண்ணில் பேசினால் முதலில் எத்தனை குடிக்கிறீர்கள், எப்போது என்று கேட்டுத் தேதி குறிப்பார்கள். மேலே சொன்ன மூன்று நாள் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் பேச்சு சுருக்கமாக முடியும். அப்புறம் அந்தத் தேதியை ஒட்டி அவர்களே திரும்பக் கூப்பிடுவார்கள். வெளியூர் எண்ணாகத் தெரியும். லோன் கம்பெனிக்காரன் என்று நினைத்துக் கட் பண்ணிவிடாதீர்கள்.